மணக்காத ஓமம்

பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன வேலை என்று கேட்டால் கெமிஸ்ட் என்று மட்டும் சொல், அதற்கு மேல் வாயைத் திறக்காதே என்று அம்மா ரமாமணி தலைபாடாய் அடித்துக்கொண்டாள். பெருந்தேவி காதில் அது ஏறினால்தானே? "கோழிக்கு மருந்து பண்றேன் மாமி, குடல்ல கிருமி சேராம இருக்கறதுக்கு" என்று காபியை நீட்டியபடியே சொல்லிவிட்டாள். சின்ன காஞ்சிபுரத்தில், கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிறவர் வீட்டுப் பெண். வந்தவர்கள் காபியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. அதற்கப்புறம் யாரும் ஜாதகம் கேட்கவில்லை. தெருவில் கோழி மாமி என்று பெயர் விழுந்தது. முப்பது வயதுகூட ஆகாதவளுக்கு மாமிப் பட்டம். அப்படிக் கூப்பிட்டாலும் நின்று, திரும்பி, என்ன வேணும் என்று கேட்பாள். கூப்பிட்டவர்கள்தான் நெளிவார்கள்.

ஓரிக்கைப் பக்கம் ஓடாமல் கிடந்த ஒரு அரிசி மில்லைப் பிடித்து வீரபாகு தீவனக் கம்பெனி நடத்திவந்தார். பெருந்தேவிக்கு வேலை அங்கேதான். வருஷம் 2006. கோழி சீக்கிரம் கொழுக்கட்டும் என்று தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பாவில் அந்த வருஷம் அடியோடு நிறுத்திவிட்டார்கள். செய்தி இங்கேயும் எட்ட, நம் ஊர்ப் பண்ணைக்காரர்களும் வேறு வழி தேட ஆரம்பித்திருந்தார்கள்.

ஓம எண்ணெய்க்கும் பட்டை எண்ணெய்க்கும் குடலில் இருக்கிற கெட்ட கிருமியை அடக்குகிற குணம் உண்டு. ஆனால் அப்படியே தீவனத்தில் ஊற்றினால் நெடி பொறுக்காமல் கோழி மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். பாதி எண்ணெய் மூட்டையிலேயே ஆவியாகிவிடும், மிச்சம் குடலுக்குப் போவதற்குள் காணாமல் போகும். பெருந்தேவி கெட்டியான தாவரக் கொழுப்பை உருக்கி, அதில் எண்ணெயைக் கலந்து, குளிரூட்டிய கூண்டுக்குள் பொடித் தூறலாகத் தெளித்தாள். விழுவதற்குள் உறைந்து, ரவையைவிடச் சின்ன மணிமணியாக வரும். எண்ணெய் உள்ளே, கொழுப்பு வெளியே. குடலுக்குப் போய்ப் பித்தநீர் பட்ட பிறகுதான் அந்தக் கொழுப்பு கரைந்து, கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை விடும். சொல்ல லேசாக இருக்கிறது. எத்தனையோ தடவை கட்டி தட்டி, குழாய் அடைத்து, எல்லாவற்றையும் வாரிக் கொட்டின பிறகுதான் சரியான பொடி வந்தது. மூட்டைக்குள் தலையை விட்டாலும் ஒரு வாசனை கிடையாது. எண்ணெய் துளிகூட வெளியே கசியவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு சந்தோஷம் தாங்காமல் மில் வாசலில் நின்று அழுதாள்.

அந்தப் பொடியைத்தான் பரமசிவம் ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். சுற்று வட்டாரப் பண்ணைகளுக்கெல்லாம் மருந்து சப்ளை செய்கிற வியாபாரி அவர். சுண்ணாம்பை மூட்டை கட்டி வைத்திருக்கிறாயே, ஓமம் என்றால் மணக்க வேண்டாமா என்று வீரபாகுவிடம் சிரித்தார். நாளைக்கு லாரியோடு வருகிறேன், மணந்தால் அத்தனையும் எனக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வீரபாகு அவளைக் கூப்பிட்டு, வாசனைக்காக மூட்டைக்கு மூட்டை கொஞ்சம் ஓம எண்ணெயைப் பச்சையாகவே மேலே தெளிக்கச் சொன்னார். முடியாது என்றாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. மில் எழுந்து நிற்க வேண்டுமே என்கிற பயம்.

"மேலாப்ல ரெண்டு கை தெளிச்சா என்னாமா குடி முழுகிடும்? வாங்குறது அவரு மூக்குதான?"

"திங்கப் போறது கோழி சார். அது ஒதுக்கினா என் பொடியைத்தான் குத்தம் சொல்லுவா."

அப்பா கிருஷ்ணஸ்வாமி தளிகை பண்ணும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வார். பெருமாள் அமுது செய்வதற்கு முன்னால் வாசனையைக்கூட மனுஷன் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு, ஒருத்தருக்கென்று பண்ணினதை நடுவில் நிற்கிறவர் மூக்குக்காகக் கெடுப்பது பொறுக்கவில்லை. கோழியையும் பெருமாளையும் ஒரே மூச்சில் சொல்கிறாளே என்று அப்பா காதைப் பொத்திக்கொள்வார். பொத்திக்கொள்ளட்டும்.

நீ பண்ணாவிட்டால் போ, சாப்பிட்டுவிட்டு வந்து ஆளை வைத்துத் தெளித்துக்கொள்கிறேன் என்று வீரபாகு வீட்டுக்குக் கிளம்பினார். அவர் பைக் மறைந்ததும், சாக்குக்கு அடையாளம் போடுகிற நீலப் பெயின்டை எடுத்தாள் பெருந்தேவி. ஒவ்வொரு மூட்டையிலும் கொட்டை எழுத்தில் எழுதினாள்: இதில் வாசனை வராது. வந்தால் வாங்காதீர்கள்.

மூட்டை தூக்குகிறவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எழுதி முடித்து, அடுக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்து தயிர் சாதத்தைச் சாப்பிட்டாள். பெயின்ட் கையோடு சாப்பிட்டால் அம்மா என்ன சொல்வாள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

திரும்பி வந்த வீரபாகு படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு சாக்கில் மாற்றிக் கொட்டச் சொன்னார். எத்தனை சாக்கு மாற்றினாலும் பின்னாலேயே வந்து எழுதுவேன் என்றாள் அவள்.

"ஒனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

பெருந்தேவியை வெளியே அனுப்பிவிட்டால் இந்த ஊரில் வேறு யாரும் இந்த வேலையைத் தரப்போவதில்லை. இத்தனை நாள் வீட்டிலும் தெருவிலும் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடும்.

"வேலையும் வேணும் சார். பொடியும் இப்படியே போகணும். ரெண்டும் வேணும்."

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் லாரி வந்து நின்றது. பரமசிவம் இறங்கி உள்ளே வந்தார், முதல் மூட்டையைப் படித்தார், புருவத்தை உயர்த்தினார். என்னவோ தில்லுமுல்லு என்று பட்டிருக்க வேண்டும். மூட்டையின் வாயைப் பிரித்து மோந்து பார்த்தார். அடுத்ததையும் பிரித்தார். எப்படியும் ஒரு மூட்டையாவது மணக்கும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்கிற வேகத்தில், முட்டி போட்டுக்கொண்டு மூட்டை மூட்டையாக மூக்கை விட்டார். நேற்றைக்கு வாசனை இல்லை என்று முகம் சுளித்த அதே மனுஷர்.

"ஒண்ணுலயும் வரல்லபா" என்றார் கடைசியில், எழுந்து நின்று. குரலில் சின்ன மரியாதை வந்திருந்தது.

வீரபாகு சட்டென்று உஷாரானார். "நான்தான் எழுதச் சொன்னேன். நாளைக்கு எவனாச்சும் டூப்ளிகேட் வுட்டா ஜனங்க ஏமாறக் கூடாது பாரு."

வியாபாரம் முடிகிற நேரம். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாருக்கும் நல்லது.

"இல்லை" என்றாள் பெருந்தேவி, அடுக்கிலிருந்து இறங்கி வந்து. "மூட்டை மேல எண்ணெய் தெளிக்கச் சொன்னார் சார். மாட்டேன்னு எழுதி வச்சது நான்."

வீரபாகுவின் முகம் விழுந்துவிட்டது. பரமசிவம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மூக்கு நுனியில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. பிறகு வீரபாகுவை அப்படியே விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி, ஒரு டன் தீனிக்கு இதை எவ்வளவு கலக்கணும் மேடம் என்று கேட்டார்.