மாத்திரை மட்டும் தவறாமல் வருகிறது

வீடு தேடி மாத்திரை கொடுக்கும் திட்டத்தால் மக்களுக்குப் பலன் கிடைக்கிறதா என்று கேட்டு எழுதுவதுதான் இப்போது என் வேலை. இன்று கீழ்பென்னாத்தூர் பக்கம்.

சர்க்கரை நோயுள்ள கன்னியம்மாவிடம் கேட்டேன். “மாசாமாசம் மாத்திரை வருதாம்மா?”

“தவறாம வருதும்மா” என்றவர் உள்ளே போய் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். ஒரு அட்டைகூடப் பிரிக்கவில்லை.

“ஏம்மா சாப்பிடல?”

“மொத மாசம் சாப்ட்டுப் பாத்தேன், தலை சுத்துச்சு. கடலைக் கொல்லையில மயங்கி வுழுந்தா மறுநாள் வேலைக்குக் கூப்புடுவாங்களா?”

“நர்ஸுகிட்ட சொல்லலியா?”

“அந்தப் பொண்ணு பாவம், நிக்க நேரமில்லாம ஓடுது.”

அவர் காலில் ஆறாத புண் வேறு. என் செல்போன் படிவத்தில் இதையெல்லாம் எழுத இடமே இல்லை. மேலதிகாரிக்குப் போன் செய்தேன்.

“மாத்திரை வந்துச்சா இல்லியா, அதை மட்டும் போடுங்க மேடம்” என்றார்.

‘ஆம்’ என்று போட்டேன்.

“இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம், நானும் வரேன்” என்று கன்னியம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

“கடலை புடுங்கி முடியட்டும்மா” என்று சொல்லிவிட்டு அவர் கொல்லைக்குக் கிளம்பிவிட்டார்.

திருவண்ணாமலை திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து இந்தப் பதிவை எழுதுகிறேன். அறிக்கையில் கன்னியம்மா பலனடைந்தவர். நான் வேறென்ன செய்திருக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பதில் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, இங்கே இடம் இருக்கிறது.