ஒரே மூச்சில் ஒரு வார்த்தை

கணக்கு, அறிவியல் எதுவும் ஏறாத என் மண்டையில், ஐந்தாம் வகுப்பில், ஆங்கிலத்திலேயே நீளமான வார்த்தையை ஏற்றிவிட்டார் வாத்தியார்: நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். ஆண்டுவிழா மேடையில் அதை நான் மூச்சு விடாமல் சொல்ல வேண்டுமாம்.

ஸ்கேலால் மேசையைத் தட்டித் தட்டி, அசை அசையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். பல வார்த்தைகளைக் கோத்துச் செய்த ஒற்றை வார்த்தை அது. நம் குன்னூர் மலை ரயில் மாதிரி இதற்கும் இன்ஜின் பின்னால்தான். கடைசி அசைக்கு முந்தின 'ஓ'வில் அழுத்தித் தள்ளினால்தான் முன்பெட்டிகள் மேலே ஏறும் என்றார். பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் பெட்டியில் நுரையீரல். கடைசிப் பெட்டியில் தூசி. நுண்ணிய கல்தூசியைச் சுவாசித்து வரும் நோயின் பெயர் அது.

அப்பா குந்தாப் பக்கம் மின்திட்டச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் மெஷின் பிடித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வரும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும். மாவு மில்லிலிருந்து வருகிறாரா என்று நான் கிண்டல் செய்வேன்.

அம்மாவுக்கு என்னால் பெருமை. வீட்டுக்கு யார் வந்தாலும் டீக்கு முன்னால் என்னைத்தான் பரிமாறுவாள்.

அப்பா இளவயதில் பெரிய சடுகுடு ஆட்டக்காரர். பாடிக்கொண்டு போனால் எதிரணியில் பாதிப்பேரைத் தொட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவார் என்று மாமா சொல்வார். அப்படிப்பட்டவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு இழுத்தேன். சடுகுடு மாதிரியே, ஒரே மூச்சில் இந்த வார்த்தையை யார் அதிக முறை சொல்வது?

நான் மூன்று முறை சொன்னேன். அப்பா 'சிலிகோ'வில் இருமினார். மறுபடி தொடங்கி 'வால்கேனோ'வில் நின்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும், உடுங்க. பையங்கூடப் போட்டி போடற வயசுங்களா இது?" என்று அம்மா சிரித்தாள். கையிலிருந்த சொம்புத் தண்ணீரை அவரிடம் நீட்டினாள்.

எனக்குக் கோபமான கோபம். "நீங்க வேணும்னே தோக்கறீங்கப்பா. இப்படி உட்டுக்குடுத்தீங்கன்னா நான் ஆட்டத்துக்கே வரல."

அப்பா குனிந்தபடியே இருந்தார். பேசுவதற்கு மூச்சு கிடைத்ததும், "அட, கண்டுபுடிச்சுட்டயே சாமி!" என்றார்.

என்னை யாராலும் ஏமாற்ற முடியாது என்ற மிதப்பில், அந்த வார்த்தையை அழுத்தம் பிசகாமல் கத்திக்கொண்டே மின்திட்டக் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சுற்றி வந்தேன்.