கோம்பை விலக்கில் ஒரு வணக்கம்

மதுரையில் வானவில் பேரணி என்று கேள்விப்பட்டதும், திராட்சைத் தோட்டத்துக் கவாத்து வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நான் திருநம்பி, பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்கிறவன். கோம்பையில் தனி அறை. அம்மா வீடு அடுத்த தெருதான், ஆனால் அங்கே எனக்குச் சோறு நின்று வெகுகாலம். யாராவது ஒருவர் என்னை 'எம்புள்ள' என்று சொல்ல வேண்டும். அந்த ஆசையில்தான் பஸ் ஏறினேன்.

கொடி பிடித்தேன், தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டேன். எல்லாம் முடிந்ததும் பார்த்தால், கூட்டம் பாத்தி பிரித்த மாதிரி தனித்தனியாக நின்றது. ஆணை விரும்பும் ஆண்கள் ஒரு பக்கம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணை விரும்பும் பெண்கள் என் குரலைக் கேட்டுவிட்டு, "வாங்கக்கா" என்று இடம் விட்டார்கள். சுருக்கென்றது. நல்ல பிள்ளைகள், பாவம். கோபப்பட நியாயமே இல்லை. ஆனாலும் கோபம் வந்தது.

கம்பத்துக்குத் திரும்பும் திருநங்கைகளின் வேனில் ஏறிக்கொண்டேன். முன்சீட்டில் அவர்களுடைய தாய். வீட்டை விட்டு வந்தவர்களை மகளாக எடுத்து வளர்த்தவர். வேன் முழுக்க அவருடைய மகள்கள். முறுக்கு, சண்டை, சிரிப்பு. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்?

ஆண்டிபட்டியில் ஒருத்தி, தேனியில் ஒருத்தி, சின்னமனூரில் ஒருத்தி. இறங்கும்போதெல்லாம் குனிந்து, "பாம்படுத்தி அம்மா" என்றார்கள். அது மகள் தாய்க்குச் சொல்லும் வணக்கம். அவர் மகளின் தலையில் கை வைத்து, "நல்லாரு ஆத்தா" என்பார்.

கோம்பைக்கு ரோடு பிரியும் விலக்கில் நானும் இறங்கினேன். அவருடைய ஜன்னலருகே போய்க் குனிந்து, "பாம்படுத்தி அம்மா" என்றேன்.

வேனே குலுங்கிச் சிரித்தது.

"சிரிக்காதீகடி!" என்று அதட்டிவிட்டு அவர் என்னிடம் சொன்னார்: "ஏலே, ஆம்பளப் புள்ள அப்பிடிச் சொல்லக் கூடாதுப்பா. அது எம்மகளுக சொல்றது. எங்க பெரியவுக மகளத்தான் எடுத்துருக்காக, மகன் எடுத்ததில்ல. பாத்துப் போ, தம்பி."

பழக்கத்தில் பாதி தூக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டார். வேன் கம்பம் பக்கம் போய்விட்டது. நான் கோம்பை பஸ்ஸுக்கு நின்றேன்.

ஆம்பளப் புள்ள. பெற்றவள் வாயிலிருந்து இதைக் கேட்கத்தான் வருஷக்கணக்கில் ஏங்கினேன். கொஞ்சமும் யோசிக்காமல் என்னை அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். சொன்னதாலேயே எனக்குத் தாயாக முடியாமல் போனார்.