‘பாத்துக்க’ என்று சொல்லிவிட்டுப் போனேன்

ஒரு மாணவனின் படிப்பை நான் கெடுத்தேன்.

கெடுக்க வேண்டும் என்று நினைத்துக் கெடுக்கவில்லை. அதற்கு ஒரு முனைப்பு வேண்டும். அது என்னிடம் எந்நாளும் இருந்ததில்லை. சோம்பலாலும் தற்பெருமையாலும் கெடுத்தேன். பிறகு, கெட்டது கெட்டபடியே கிடக்கட்டும் என்று பயத்தால் விட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்டது இதுவல்ல; தெரியும். உங்கள் கல்லூரி ஆண்டு மலருக்கு, ‘விடுமுறைத் தொழிற்பயிற்சியால் மாணவர் அடையும் நன்மைகள்’ என்ற தலைப்பில், நகைச்சுவை கலந்து நாலு பக்கம் கேட்டிருந்தீர்கள். நகைச்சுவை கலந்து! கஷாயத்தில் தேன் கலப்பது போல. நானும் உட்கார்ந்தேன். ‘அனுபவமே சிறந்த ஆசான்’ என்று முதல் வரி தானாக வந்து விழுந்தது. அதைப் படித்துப் பார்த்ததும் நானே பேனாவால் அடித்துவிட்டேன்.

நன்மைகளை எழுத உங்கள் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். வெயிலில் நிற்காதவர்கள், ஆகையால் சந்தேகமில்லாமல் எழுதுவார்கள். நான் ஒரு பையனுக்கு அந்த ‘அனுபவம்’ என்கிற ஆசானாக இருந்தவன். அதைத்தான் எழுத முடியும். அச்சில் போட்டாலும் சரி, அடுப்பில் போட்டாலும் சரி.

அப்போது எனக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. செங்கல்பட்டில் ஒரு காண்டிராக்டரிடம் ஓவர்சியராக இருந்தேன். ஓவர்சியர் என்றால் மேலே நின்று பார்ப்பவன் என்று பொருள். நான் உட்கார்ந்து பார்த்தேன். மாமல்லபுரம் போகிற சாலையில், உப்பங்கழிக்குக் கொஞ்சம் இப்பால், மழைத் தண்ணீர் கடந்து போக ஒரு சிறு பாலம் கட்டிக்கொண்டிருந்தோம். பிளானில் அதற்குக் ‘கல்வெர்ட்’ என்று பெயர். எங்கள் கன்னியப்ப மேஸ்திரியின் வாயில் அது ‘கல்வெட்டு’. அந்த வட்டாரத்தில் பல்லவன் செய்ததும் கல்வெட்டு, நாங்கள் செய்ததும் கல்வெட்டு. அவனுடையது நிற்கிறது.

கோடை விடுமுறையில் பயிற்சிக்கு என்று ஒரு பையனை அனுப்பினார்கள். ஜமால். எஞ்சினீயரிங் காலேஜில் கடைசி ஆண்டுக்குப் போக வேண்டியவன். நான் நல்லபடியாகச் சொல்லி ஒரு சான்று கொடுத்தால்தான் ஏற்றுவார்கள். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் ஆணியும் கயிறும் விற்கிற பாயின் ஒரே மகன். தகப்பனார் தாமே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் தலையில் பட்டணத்தில் வாங்கிய புதுத் தொப்பி, துரைமார் போடுவது. அவன் தலைக்கு அது ஒரு சுற்றுப் பெரிது.

“எங்க வூட்ல மொதமொதல்ல காலேஜிக்குப் போனவன் சார் இவன்,” என்றார் பாய். “கேட்டா சொல்லிக் குடுங்க. தப்புப் பண்ணா ரெண்டு போடுங்க. ஒங்களாண்ட வுட்டுட்டேன், பாத்துக்குங்க.”

“பாத்துக்கறேன் பாய்,” என்றேன்.

இந்தச் சொல்லைக் கவனியுங்கள். நான் செய்தது முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள்தான் நடந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள் என்றால் காப்பாற்று என்று பொருள். வேடிக்கையைப் பார்த்துக்கொள் என்றால் சும்மா இரு என்று பொருள். நம்முடைய பேச்சில் இரண்டும் தேய்ந்து ‘பாத்துக்க’ ஆகிவிடும். பாய் முதல் பொருளில் சொன்னார். நான் அதே சொல்லைத்தான் திருப்பிக் கொடுத்தேன். பொருளை மட்டும் கொடுக்கவில்லை.

வந்த சில நாட்களிலேயே பையன் வாயைத் திறந்தான். கலவை கலக்கும் இடத்தில் நின்று பார்த்தவன், நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அருகில் வந்து, “சார், கலவையில தண்ணி ஜாஸ்தி ஊத்தறாங்க. வலு கொறைஞ்சிடும் இல்லீங்களா?” என்றான்.

உண்மைதான். எனக்கும் தெரியும். மேஸ்திரிக்கும் தெரியும். ஆட்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ‘ஆமாம்’ என்று சொன்னால் நான் எழுந்திருக்க வேண்டும். அந்த வெயிலில் போய்க் கலவையைக் கொட்டச் சொல்ல வேண்டும்...

“தம்பி, நீ பாக்கத்தானே வந்திருக்கே?” என்றேன். “பாரு. வாயத் தொறக்கணும்னா காலேஜு இருக்குது. இங்க தொறந்தா ஈ பூந்துடும்.”

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி, “தொப்பி கீதே, அத்தக் கொண்டு மூடிக்க நைனா,” என்று கூடவே ஒன்று போட்டார். இன்னும் பெரிய சிரிப்பு. மதுவிலக்கு அமலில் இருந்த காலம். நாலு பேர் சிரிப்புதான் எனக்குக் கள். பையன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவனும் கொஞ்சம் சிரித்தான். அதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் வந்து, “இன்னிக்கு இன்னா பண்ணட்டும் சார்?” என்பான். “பாத்துக்க,” என்பேன். அவன் பார்ப்பான். கம்பி கட்டுவதைப் பார்த்தான். பலகை அடிப்பதைப் பார்த்தான். எனக்கு வெற்றிலை வாங்கி வந்தான். கேள்வி கேட்பதை அடியோடு நிறுத்திவிட்டான். நல்ல பிள்ளை, திருந்திவிட்டான் என்று நான் மகிழ்ந்தேன்!

மகிழ்ந்ததோடு நின்றேனா? அவனை வைத்து ஒரு நகைச்சுவைக் கட்டுரையும் எழுதினேன். பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பையன் ஒருவன், பெரிய தொப்பி கண்ணை மறைத்ததால் சுண்ணாம்புக் குழியில் விழுந்து வெள்ளைத் துரையாக எழுந்து வருவதாக. ஜமால் எந்தக் குழியிலும் விழுந்தவனல்ல. அதைப் பட்டணத்து வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். அதுதான் என் முதல் எழுத்து.

பாலத்தின் மேல்தளம் போட்டாகிவிட்டது. தளம் இறுகும்வரை அதன் கனத்தை அடியில் நிறுத்திய சவுக்குக் கழிகள்தாம் தாங்கும். முட்டு என்போம். இறுகுமுன் முட்டைப் பிடுங்குவது, தவழ்கிற குழந்தையை நட என்று நடுத்தெருவில் விடுவது போல. காண்டிராக்டருக்கோ கழி பற்றாக்குறை. வேறொரு வேலைக்கு அதே கழிகள் வேண்டியிருந்தன. எப்போது லாரி வந்து நிற்குமோ என்ற நிலை. அதைத் தடுத்து நிறுத்துவது ஒன்றுதான் அந்த நாட்களில் எனக்கு இருந்த வேலை. அதற்குத்தான் நாற்காலி.

அன்று காலை மாமல்லபுரம் பஸ்ஸின் கண்டக்டர் வண்டியிலிருந்தபடியே குரல் கொடுத்தார்: “சார், ஒங்க பேரு புஸ்தகத்துல வந்துகீதாம். ஸ்டேஷன் கடைக்காரரு சொல்லச் சொன்னாரு.”

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஏறும்போது ஜமாலைப் பார்த்து, “செங்கல்பட்டு வரைக்கும் போய்ட்டு வந்துடறேன். பாத்துக்க,” என்றேன்.

எந்தப் பொருளில் சொன்னேன்? எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். ஒரு பொருளிலும் சொல்லவில்லை என்பதே உண்மை. செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லுகிற சொல் அது. ஆனால் அவன் எந்தப் பொருளில் கேட்டிருப்பான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நான் கற்றுக்கொடுத்தது ஒரே பொருள்தானே!

செங்கல்பட்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து என் பெயரைப் படித்தேன். கட்டுரையைப் படித்தேன். மறுபடியும் பெயரைப் படித்தேன். பக்கத்தில் ரயிலுக்குக் காத்திருந்த ஒருவரிடம், ‘இதைப் பார்த்தீர்களா, யாரோ நன்றாக எழுதியிருக்கிறான்’ என்று நீட்டினேன். அவர் குலுங்கிச் சிரித்தார். அப்படியொரு நல்ல பகல்பொழுது என் ஆயுளில் வாய்த்ததில்லை.

அந்தப் பொழுதில்தான் லாரி வந்தது.

பிறகு மேஸ்திரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் ஆட்களை விட்டு முட்டுகளைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறார். ஜமால் கிட்டே வந்து, “சார் வரட்டுமே மேஸ்திரி. இப்ப எடுக்கக் கூடாது,” என்றானாம்.

“ஒன்னாண்ட சாரு இன்னா சொல்லிட்டுப் போனாரு?”

“பாத்துக்கச் சொன்னாரு.”

“அப்போ பாத்துகினு இரு.”

ஆட்கள் சிரித்தார்களாம். பையன் பின்னால் போய் நின்றுகொண்டானாம்.

தளம் பாதிக்குமேல் உட்கார்ந்துவிட்டது. அடியில் கழி பிடுங்கிக்கொண்டிருந்த முனுசாமியின் கால் சிக்கிக்கொண்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. கால் மட்டும் நேராகவில்லை. நான் திரும்பி வந்தபோது அவனை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் ஜமால், தொப்பியால் அவன் முகத்துக்கு வெயில் படாமல் மறைத்துக்கொண்டு. என் இடுப்பில் பத்திரிகை செருகியிருந்தது.

காண்டிராக்டர் ஆபீசில் விசாரணை. முதலாளி, கல்லூரியிலிருந்து வந்த ஒரு விரிவுரையாளர், நான், ஜமால். மேஸ்திரி அதற்குள் ஊரை விட்டே போய்விட்டார். எதற்காகச் செங்கல்பட்டு வந்தேன் என்று முதலாளி கேட்டார். அவசர வேலை என்றேன். எனக்கு அது அவசரம்தான்.

“நீங்க இல்லாதப்போ வேலை யார் பொறுப்புல இருந்தது?” என்று விரிவுரையாளர் கேட்டார்.

“ஜமால்கிட்ட பாத்துக்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன்.”

அவர் பையன் பக்கம் திரும்பினார். “சொன்னாரா?”

“சொன்னாரு சார்.”

“அப்புறம் என்னதான் செஞ்சே?”

“பாத்துகினு இருந்தேன் சார்.”

விரிவுரையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திமிரான பதில் என்று நினைத்துவிட்டார். ஜமால் என்னைப் பார்த்தான். கோபமாக அல்ல. மீதி வாக்கியத்தை நான் சொல்லுவேன் என்று காத்துக்கொண்டு பார்த்தான். ‘ஐயா, என் வாயில் அந்தச் சொல்லுக்குச் சும்மா இரு என்று பொருள், அவனுக்கு வேறெதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை’... இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அந்த அறையில் நான் சொன்னது ஒவ்வொன்றும் சத்தியம். சத்தியத்தைக் கொண்டே ஒருவனைத் தீர்த்துவிடலாம் என்பது எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தராத பாடம். அதைப் பயிற்சியில்தான் கற்க முடியும்!

பொறுப்பில்லாதவன் என்று அவனைக் கடைசி ஆண்டுக்கு ஏற்றவில்லை. அவன் திரும்பப் போகவுமில்லை. முனுசாமிக்கு முதலாளி ஒரு கிடங்கில் காவல் வேலை போட்டுக் கொடுத்தார், உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறான். எனக்குப் பத்திரிகையிலிருந்து இன்னும் எழுதும்படி கேட்டார்கள். எழுதினேன். கொஞ்ச காலத்தில் ஓவர்சியர் வேலையை விட்டேன். அதன் பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. என் எழுத்துக்கு நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தொப்பிக்காரன் சுண்ணாம்புக் குழியில் விழுந்ததற்கும் நீங்கள்தான் சிரித்தீர்கள். அவன் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்னை மட்டும் எதற்கு முறைக்கிறீர்கள்?

தொழிற்பயிற்சியின் நன்மையைக் கேட்டீர்கள். உங்களுக்கு வாய்க்கும் ஆள் எப்படியோ, பயிற்சியும் அப்படி. நல்லவன் வாய்த்தால் கைத்தொழில் கற்பீர்கள். என்னைப் போன்றவன் வாய்த்தால் வாயை மூடக் கற்பீர்கள். இரண்டையும் முழுக்கக் கற்கலாம். இளம் பிள்ளைகள் நீங்கள் கெட்டிக்காரர்கள். ஜமால் என் ஒரே மாணவன். நான் சொல்லிக்கொடுத்ததை ஓரெழுத்துப் பிசகாமல் கற்றான். உங்கள் பேராசிரியர்கள் யாருக்காவது அப்படியொரு மாணவன் உண்டா?

போன மாதம் பாயின் ஆணிக் கடைக்குப் போனேன். தற்செயலாக அல்ல. சொல்லிவிடுவது என்றே போனேன். பாய் உள்ளே பாயில் படுத்திருந்தார். காது மந்தமாகிவிட்டது போலும். முன்னால் ஜமால். கொஞ்சம் பருத்திருக்கிறான். என் கண் தொப்பியைத் தேடியது. இல்லை.

“வாங்க சார்,” என்றான். “இன்னா வோணும்?”

“ஜமால்... அன்னிக்கு...”

கையிலிருந்த தராசை வைத்துவிட்டு நின்றான். அதே பார்வை. மீதி வாக்கியத்துக்குக் காத்திருக்கிற பார்வை. அவனுக்கு அவசரமே இல்லை.

“அன்னிக்கு மாதிரியே வெயில்,” என்றேன். “கதவுக்கு ஒரு ஜோடி கீல் குடு.”

நல்லதாகப் பொறுக்கி எடுத்தான். இரண்டையும் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து சொன்னான்:

“சாக்கடை மேல பலகை ஆடும். பாத்துப் போங்க சார்.”

நம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்வதுதான். அவன் எந்தப் பொருளில் சொன்னான்?

பலகையில் கால் வைத்தேன். ஆடவில்லை. நடுவில் நின்று இன்னொரு முறை அழுத்தி மிதித்துப் பார்த்தேன்.

ஆடவே இல்லை.