பத்து ரூபாய்க்கு மேல் வாங்காதவர்

"இன்னும் ஒரு நூல் அகலமா வெட்டும்மா," என்றார் அப்பா.

பால்பவுடர் டின்னை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிப் பிடித்திருந்தார். மூடியில் வரிசையாகத் துளை போட்டு, துளைகளை அரத்தால் இணைத்து, வசூல் பணம் போட ஒரு வாய் செய்துகொண்டிருந்தேன். மூன்று மில்லிமீட்டர் போதும் என்பது என் அளவு. ஐந்து ரூபாய் நாணயம் நுழைந்துவிடும்.

"சில்லறைக்கு வாய் வெச்சா சில்லறைதான் உழும் ஆஞ்சலா. நோட்டு மடிச்சுப் போடற மாதிரி வெட்டு."

மறுபடி ராவினேன். அவர் விரலை உள்ளே விட்டுப் பிசிறு இருக்கிறதா என்று பார்த்தார். "ஆங், ஆச்சு," என்றார்.

அது செவ்வாய்க்கிழமை மாலை. நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. மறுநாள் காலை பால் வாங்கப் போனவர், பூத்துக்கு எதிரே இருந்த கல்லில் உட்கார்ந்தார். எழவில்லை. வயது அறுபத்தொன்று.

பெயர் இஞ்ஞாசி. பெங்களூர் விவேக் நகரில் அந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. கண்டக்டர் என்றால் தெரியும். முப்பத்தொரு வருடம் பி.டி.எஸ். நகரப் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகியும் பத்து ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில்தான் வைத்திருப்பார். வீட்டில் பேசும்போதுகூட ஏதாவது ஒரு கம்பியில் சாய்ந்துகொள்வார். கம்பி இல்லாத இடத்தில் கதவு நிலை.

அந்த நோட்டுகள் அவருடையவை அல்ல. எங்கள் காம்பவுண்டின் கடைசி வீட்டில் சுனில், சோனியா, அவர்கள் மகள் ரக்ஷிதா. சுனில் ஆட்டோ ஓட்டுகிறார். போன வருடம் ஜூன் மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லை, காலில் நீலத் திட்டுகள் வந்தன. ரத்தப் புற்றுநோய். அப்போது அவளுக்கு வயது நான்கு. குணமாகக்கூடியதுதான் என்றார் டாக்டர்; இரண்டரை வருடம் மருந்து விடக்கூடாது, நடுவில் விட்டால் திரும்ப வரும் என்றும் சொன்னார். சுனில் சொந்த ஆட்டோவை விற்றதில் நான்கு மாதம் ஓடியது. ஐந்தாம் மாதம் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஆளுக்குப் பத்து ரூபாய். அதற்கு மேல் வாங்க மாட்டார். கோரமங்கலாவில் ஒருவர் ஐநூறு நீட்டியபோது மீதியை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று நான் சண்டை போட்டேன்.

"அது ஒரு பாட்டில் மருந்துப்பா!"

"இன்னும் இருபது மாசம் கெடக்கும்மா. ஐநூறு குடுத்தவன் அடுத்த மாசம் என்னப் பாத்தா சந்துல நொழஞ்சுடுவான். பத்து குடுத்தவன் நின்னு பேசுவான்."

"மாசம் அறுநூறு பேரைப் பார்க்கணும். கணக்குப் போட்டீங்களா?"

"அறுநூறு இன்னாம்மா? ட்ரிப்புக்கு எழுபத்தஞ்சு டிக்கெட்டு, எட்டு ட்ரிப்பு."

அவர் கேட்கும் முறையும் பஸ்ஸில் கேட்பதுதான். முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். "மூஞ்சியப் பாத்தா அவனுக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு." குழந்தையின் படம் எதையும் காட்ட மாட்டார். முடி கொட்டிய தலையைப் படம் எடுத்துத் துண்டறிக்கை அடித்தால் இரண்டு மடங்கு சேரும் என்று பக்கத்துத் தையல்கடை லாயிட் யோசனை சொன்னார். "அவ பெருசாயி அந்த நோட்டீசப் பாப்பாப்பா," என்றார் அப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

லாயிட் சும்மா இருப்பவர் அல்ல. "இன்னா கண்டக்டரே, கமிஷன் எவ்ளோ நிக்குது?"

"பத்துக்குப் பத்துப்பா. பத்து ரூபாய் வாங்கறதுக்குள்ள பத்து பேச்சு."

சொல்லிவிட்டு லாயிட்டின் கையைப் பார்ப்பார். லாயிட் முணுமுணுத்துக்கொண்டே கல்லாவைத் திறப்பார்.

வியாழக்கிழமை மாலைகளில் குழந்தை இயேசு கோயிலுக்குக் கூட்டம் வரும். அப்பா கோயில் வாசலுக்குப் போகமாட்டார், எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில்தான் நிற்பார். "வாசல்ல நின்னா பிச்ச. ஸ்டாப்ல நின்னா வசூலு." சோனியாவை இதற்கெல்லாம் அழைத்ததே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு அப்பா, சோனியா, குழந்தை மூவரும் சேர்ந்து போவார்கள். கூட்டத்தில் குழந்தைக்குத் தொற்று வந்துவிடும் என்று உட்கார இடம் கிடைக்கும்வரை பஸ்களைப் போகவிடுவார்.

"தாத்தா, இந்த பஸ் நம்ப்ளது இல்லியா?"

"இது நிக்கறவங்க பஸ்ஸு கண்ணு. நம்ப்ளது பின்னால வருது."

சில நாள் நான்காவது பஸ்தான் அவர்களுடையது. ஒன்றரை மணி நேரம் நின்றிருப்பார். இரவு உப்புத் தண்ணீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்காருவார். கணுக்காலில் வீக்கம் இருந்தது. நான் பார்த்தேன். செருப்புதான் காரணம் என்று நினைத்தேன்.

இந்த அக்டோபரில் மருந்து மாறியது. புதிய ஊசிக்கு ஒரே தவணையில் நாற்பதாயிரம். எட்டு ட்ரிப்பும் பத்து ட்ரிப்பும் இதற்குப் போதாது. சர்க்கார் உதவி நிதிக்கு எழுதிப்போட்டால் பணம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகும் என்று யாரோ சொன்னார்கள். டாக்டர் கையெழுத்திட்ட செலவு மதிப்பீடு வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை அப்பா நேராக லேமினேஷன் கடைக்கு எடுத்துப் போனார். அவருடைய இலவச பஸ் பாஸை அப்படித்தான் காப்பாற்றி வைத்திருந்தார். மழை, வியர்வை, தையல் விட்ட பை, எதையும் நம்பாத தொழில். இருபது ரூபாய் செலவு, சொந்தப் பணம். செவ்வாய்க்கிழமை காலை அதைக் கொண்டுபோய் உதவி நிதி அலுவலக ஜன்னலில் நீட்டினார்.

உள்ளே இருந்த பெண் தாளைத் தட்டிப் பார்த்தார். விரல் நகம் பிளாஸ்டிக்கில் டக் டக் என்றது. "ஏன் சார் இது? இதர மேலே சீல் ஹேகே ஹாகலி?" இதன்மேல் எப்படி முத்திரை வைப்பது என்று கன்னடத்தில் கேட்டார். தாளின்மேல் அவர்களுடைய முத்திரை விழ வேண்டும், மேலதிகாரி கையெழுத்து விழ வேண்டும். பிளாஸ்டிக்கில் மை நிற்காது. முத்திரையை வைத்தே காட்டினார். ஊதா நிறம் வழுக்கிக்கொண்டு போனது. அவரும் வருத்தத்தோடுதான் சொன்னார்: வேறு தாள் கொண்டுவாருங்கள்.

டாக்டர் ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவுக்கு வியாழக்கிழமை மட்டுமே வருவார், பன்னிரண்டு மணி வரை. பழைய தாளைக் காட்டினால் பார்த்துப் புதிதாக எழுதுவார். "வியாழக்கெழம வாங்கி வெள்ளிக்கெழம குடுத்துடறேன். ஒரு நாள் கேப் இருக்குது," என்றார் அப்பா. டின் வேலை முடிந்தபின் பிளேடை எடுத்து அந்தப் பிளாஸ்டிக்கின் ஓரத்தை உரிக்கப் பார்த்தார். டாக்டரைத் திரும்பத் தொந்தரவு செய்யவேண்டாமே என்று. இரண்டு அங்குலம் உரிந்தது. கூடவே 'நோயாளியின் பெயர்' என்ற எழுத்துகளும் உரிந்து வந்தன. பிளேடைக் கீழே வைத்தார்.

"சும்மா இருக்கத் தெரில எனக்கு," என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைத்திருந்தார்.

கோலார் தங்கவயலிலிருந்து சித்தப்பா வரவேண்டியிருந்ததால் அடக்கத்தை வியாழக்கிழமைக்கு வைத்தோம். காலை பத்து மணிக்குப் பெட்டி கூடத்தில் இருந்தது. காம்பவுண்டு முழுக்க வந்துவிட்டது. முன்பின் பார்த்திராதவர்கள் பலர் வந்து நின்றார்கள். பத்து ரூபாய் கொடுத்தவர்கள் என்று பிறகுதான் விளங்கியது.

சோனியா வரவில்லை. முதல்நாள் முழுக்க எங்கள் சமையலறையில் கிடந்தவள், காலையிலிருந்து காணோம்.

"எங்கடி அவ?" என்றார் மௌரீன் அத்தை, அப்பாவின் தங்கை. வாசல்வரை கேட்கும்படி சொன்னார். "அவ புள்ளைக்காக நடந்து நடந்தே எங்கண்ணன் போய்ட்டான். பூ வெக்கக்கூட வரல பாரு."

அத்தையை நான் அடக்கவில்லை. எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது.

பதினொன்று ஆக ஐந்து நிமிடம் இருக்கையில் சோனியா வந்தாள். தலை வாரியிருந்தாள். தோளில் ஆஸ்பத்திரிப் பை. வாசலில் சுனில் வாடகை ஆட்டோவை நிறுத்தாமல் ஓடவிட்டே உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக ரக்ஷிதா. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சோனியா யாரையும் பார்க்கவில்லை. பெட்டிக்கு அருகில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, டாக்டரு பன்னெண்டு வரைக்கும்தான்..." என்றாள்.

டாக்டரிடம் காட்டவேண்டிய அந்தப் பழைய தாள் எனக்குப் பின்னால் அலமாரி மேல் இருந்தது.

ஒரு கையால் அப்பாவின் கால்மாட்டில் பூவை வைத்தாள். மறு கையை என் பக்கம் நீட்டினாள்.