ஒரு பக்கம் மெலிஞ்ச ரீட்

தங்கச்சி கல்யாணத்துக்குத் தவிலுக்கு மட்டும் ஆள் சொல்லுங்க, நாயனத்துக்குப் பதிலா நானே கிளாரினெட் வாசிக்கிறேன்னு வீட்டுல சொல்லிட்டேன். யாரும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேக்கவே இல்ல. வாய்க்கொழுப்புதான், வேற என்ன.

கிளாரினெட், அவிசாவளையில கல்யாண பேண்ட் வச்சிருந்த ஒரு சிங்கள ஐயா, நாங்க மாத்தயான்னு கூப்பிடுவோம், அவர் கழிச்சுக் குடுத்தது. கூடவே நாலு ரீட். வாய்க்குள்ள வைக்கிற நாணல் சீவல்தான் ரீட். நுனி ரெண்டு பக்கமும் ஒரே மெலிசா இருக்கணும், இல்லாட்டி கீச்சுன்னு கத்தும். என்கிட்ட இருந்த நாலும் தடிப்பு. கண்ணு பிதுங்க ஊதினாலும் காத்துதான் வந்துச்சு. சேண்ட்பேப்பர்ல மெதுவா தேய்க்கச் சொல்லி மாத்தயா சிங்களத்துல படிச்சுப் படிச்சுச் சொன்னார். நான் கேக்கணுமே. தெஹியோவிட்ட பக்கம் ரப்பர் மலையில தாள் மாதிரி பட்டை சீவுறவன் நான், எனக்கா சேண்ட்பேப்பர்? பிளேடை எடுத்தேன்.

மரத்துல கத்தி இடது மேலேர்ந்து வலது கீழ சாய்வா இறங்கணும், அப்பத்தான் பால் சிரட்டைக்கு ஓடும். பழகின கை ரீட்டுலயும் அப்படியே இறங்குச்சு. ஒரு பக்கம் மெலிசு, மறுபக்கம் தடிப்பு. சாய்வு அவ்வளவு சுத்தம், கீழ சிரட்டை கட்டியிருந்தா பாலே வடிஞ்சிருக்கும். மூணு ரீட் போச்சு. நான் ஊதின கீச்சுச் சத்தத்தைக் கேட்டு, கோழியை அறுக்கிறதுன்னா ஒரே வெட்டா அறுத்துருங்க தம்பின்னு சுவருக்கு அந்தப் பக்கத்து காம்பராக்காரம்மா சத்தம் போட்டாங்க.

நாலாவதுலயும் ஒரு சாய்வு போட்ட பொறவுதான் புத்தி வந்துச்சு. வாயில ஒருதரம் இடது ஓரமா, ஒருதரம் வலது ஓரமா வச்சு ஊதிப் பாத்து, காத்து அடைச்ச பக்கத்தை மட்டும் சேண்ட்பேப்பர்ல தேய்ச்சேன். முக்காவாசி சரியாச்சு. ஆனா கழுத்தை வலது பக்கம் கோணலாத் திருப்பினாத்தான் சத்தம் ஒழுங்கா வரும்.

கல்யாணத்தன்னைக்கு எனக்கு வலது பக்கம் கோயில் சுவர். மணவறையைப் பாக்காம சுவரைப் பாத்தே வாசிச்சேன். தங்கச்சியை அனுப்ப மனசில்லாம அண்ணன்காரன் மூஞ்சைத் திருப்பிக்கிட்டு நிக்கிறான்னு பொம்பளைங்க மூக்கைச் சிந்த ஆரம்பிச்சாங்க. அடக் கடவுளே, எனக்கு ரீட் கவலை.

தாலி எடுக்கிற நேரம் தங்கச்சி தேம்பிக்கிட்டே கூப்பிட்டுச்சு.

"அண்ணே, ஒருதரம் இங்க பாருண்ணே."

பாத்தேன். கெட்டிமேளம்னு யாரோ சொன்னாங்க, தவில் மட்டும் தனியா முழங்குச்சு.

ரீட் மக்கர் பண்ணிருச்சுன்னு பந்தியில எல்லார்கிட்டயும் சொன்னேன். அந்த நேரத்துல நான் ரீட்டை வாயிலயே வைக்கலை. அழுதுக்கிட்டு நின்னேன்.