நான் ஆடாத இறுதி ஆட்டம்

பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தைத் திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் நான் தனியாகத்தான் பார்த்தேன். ஸ்பெயினும் இங்கிலாந்தும். சிட்னியில் ராத்திரி, இங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டுக்காரர் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

ஸ்பெயினின் லெப்ட் பேக், இடப்பக்கத் தடுப்பாட்டக்காரி, முன்னேறி ஓடிவந்து, இடது காலால் தரையோடு ஒரு அடி அடித்தாள். பந்து எதிர்மூலையில் போய் விழுந்தது. அந்த ஒரு கோல்தான். ஸ்பெயினுக்கு அது முதல் கோப்பை. ஒரு காலத்தில் நானும் லெப்ட் பேக், எனக்கும் இடது கால்தான். எழுந்து நின்று கத்திவிட்டேன்.

மறுநாள் செய்தியில் படித்தேன். கோல் போட்டவளின் அப்பா ஆட்டத்துக்கு முன்பே இறந்துவிட்டாராம். அவள் மனசு கலையாமல் ஆடட்டும் என்று வீட்டார் மறைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார்களாம். ஊரே அவளுக்காகப் பரிதாபப்பட்டது. எனக்கு வந்தது பொறாமை. இப்படி எழுதவே கூசுகிறது. ஆனால் பொறாமைதான்.

பத்தொன்பது வயதில் விழுப்புரத்தில் கல்லூரி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தேன். எங்கள் இறுதி ஆட்டத்தன்று காலை, பூட்ஸ் லேஸ் கட்டும்போது அண்ணன் பைக்கில் வந்து நின்றான்.

"அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஜல்தி ஏறு."

"ஆஸ்பத்திரியிலயா இருக்காரு?"

"வீட்லதான். உன்னியே கேட்டுக்கினு இருக்காரு."

பூட்ஸோடேயே ஏறினேன். எங்கள் ஊர் முகையூர் வரைக்கும் அழுகை. அங்கே அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வந்திருந்தவர்களுக்கு வறுத்த மல்லாட்டைக் கடலையை நீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய், "மொதல்ல கால கழுவு, ஒரே புழுதி" என்றாள்.

சாயங்காலம் தோழி போன் செய்தாள். ஒரு கோலில் தோற்றுவிட்டோம். நான் நிற்கவேண்டிய இடப்பக்கமாக வந்துதான் போட்டார்களாம். அன்று வந்தவரையே கட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் பந்தைத் தொடவில்லை.

அந்தச் செய்தியைப் படித்த வாரமே முகையூருக்குப் போனேன். அப்பாவுக்கு எண்பதை நெருங்குகிறது, நெஞ்சில் ஒரு கோளாறும் கிடையாது. இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"நெஞ்சுவலின்னு பொய் சொல்லி என்னக் கூட்டியாரச் சொன்னீங்களே, ஏம்பா?"

அவர் முகத்தில் நிஜமான குழப்பம். "நெஞ்சுவலியா? பொண்ண கூட்டிக்கினு வாடான்னுதான் சொன்னேன் உங்க அண்ணங்கிட்ட." கொஞ்சம் யோசித்தார். "ஏன், அன்னிக்கு உனக்கு எதனா வேலை இருந்துச்சா?"

என்னை ஆடவிடாமல் தடுத்தவர் என்று அவரை இருபது வருஷமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு ஆட்டம் இருந்ததே அவருக்குத் தெரியாது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

டீ போட்டிருப்பதாக அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.